லேப்டாப்புக்குள்ள ஒரு பஞ்சு மெத்தை

டிஸ்கியை முதல்லயே போட்டுர்றேன். நான் படிக்கிறது பி.காம். எலக்ட்ரானிக்ஸ்ல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஃபியூஸ் போனா பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிடணும்கிறது மட்டும்தான். அதனால கீழ வர்றதெல்லாம் ஒரு இன்ஜினியர் சொல்ற விஷயம் இல்ல, சூடுபட்ட பூனை சொல்றதுன்னு எடுத்துக்கங்க.

2023-ல நான் காலேஜ் சேர்ந்தப்போ அப்பா ஒரு கேமிங் லேப்டாப் வாங்கித் தந்தார். "டேலி, எக்ஸெல் எல்லாம் ஓடணும்ப்பா, சாதா லேப்டாப் தாங்காது" அப்டின்னு நான் விட்ட கதையை நம்பித்தான் வாங்கினார். (டேலி ஓட்டுறதுக்கு எதுக்குடா தனியா கிராஃபிக்ஸ் கார்டுன்னு கேக்குற அளவுக்கு அவருக்கு விவரம் பத்தாது. பாவம்.) விலை 68 ஆயிரம். கையில பணம் இல்ல. ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டை 24 ஆயிரம் தள்ளி எடுத்தார். பி.காம் முதல் செமஸ்டர்ல வட்டி விகிதம் நடத்தும்போது நான் அந்த 24 ஆயிரத்தைத்தான் மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். அது தனிக் கதை.

மேட்டருக்கு வர்றேன். 2025 ஏப்ரல் கடைசி. சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏறுற வாரம். மதுரையில அந்த நேரத்து வெயிலைப் பத்தி மதுரைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டீங்க. கத்திரி ஆரம்பிக்கிறது மே 4 வாக்கில. ஆனா எங்க ஊர் வெயிலுக்குப் பஞ்சாங்கம் பாக்குற பழக்கம் கிடையாது. எங்க வீடு செல்லூர்ல. என் ரூம் மாடியில, நேரா கான்கிரீட் கூரைக்குக் கீழ. பகல் பூரா வெயிலைக் குடிச்ச அந்தக் கான்கிரீட், ராத்திரி பூரா அதை என் தலையில கக்கும். ராத்திரி பத்து மணிக்கு ரூம்ல தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தேன்.. 36 டிகிரி.

அந்த வாரத்துலதான் ஒரு சென்னை கம்பெனியோட இன்டர்ன்ஷிப்புக்கு ஆன்லைன் டெஸ்ட். மத்தியானம் 12 மணிக்கு. கேமராவை ஆன் பண்ணி, ஸ்கிரீனையும் அவங்க பாக்குற மாதிரி வச்சு, 90 நிமிஷம். நான் கட்டில்ல மெத்தை மேல லேப்டாப்பை வச்சு உக்காந்தேன். (இந்த வரியைப் படிச்ச உடனே விவரம் தெரிஞ்சவங்க தலையில அடிச்சிருப்பீங்க. கொஞ்சம் பொறுங்க.) அம்பதாவது நிமிஷம், ஃபேன் சத்தம் மாவு மில் கணக்கா ஏறி, கர்சர் இழுத்து இழுத்து நகர்ந்து, படக்குன்னு மொத்தமா கருப்பு. கரெண்ட் போகல. லேப்டாப்தான் போச்சு. திரும்ப ஆன் ஆகி நான் உள்ள போறதுக்குள்ள 'உங்கள் தேர்வு முடிந்தது'ன்னு காட்டிருச்சு. மெயில் போட்டேன், பதில் வரல. அவ்வளவுதான்.

அப்பாகிட்ட "நல்லா பண்ணிருக்கேன்ப்பா"ன்னு சொல்லிட்டேன்.

மறுநாள் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டு ஓடினேன். கடைக்காரர் ஆன் பண்ணிப் பாத்தார், அடியில கை வச்சுப் பாத்தார், "போர்டு போயிருச்சு தம்பி. மாத்தணும். 22 ஆயிரம் ஆகும்"னார். திறந்துகூடப் பாக்கல. வாரண்டி முடிஞ்சு பத்து மாசம் ஆச்சு. திரும்பி வர்றப்போ ஏ.வி. பாலத்து மேல வண்டியை ஓரங்கட்டி, தண்ணியே இல்லாத வைகையைப் பாத்துக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன். பயந்துராதீங்க, கணக்குப் போடத்தான் நின்னேன். கம்பெனிச் சட்டம் 2013-ல ஷெட்யூல் 2-ன்னு ஒண்ணு இருக்கு. எந்தச் சொத்துக்கு எத்தனை வருஷம் ஆயுள்னு போட்டுத் தேய்மானம் கணக்குப் பண்றதுக்கு. அதுல லேப்டாப்புக்கு 3 வருஷம். அப்போ என் லேப்டாப்புக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கும் மேல உயிர் பாக்கி. புத்தகத்துல உயிரோட இருக்கு, பையில செத்துக் கிடக்கு.

காலேஜ்ல ஒரு சீனியர் அண்ணன், பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் முடிச்ச அவரோட ஃபிரெண்ட் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனார். அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்க வீடு எங்க?" செல்லூர்னேன். "தெருவுல தறி ஓடுதா?" ஓடுதுண்ணே. "அப்ப திறந்துருவோம்."

பின்னாடி இருக்குற திருகாணிய எல்லாம் கழட்டி, ஓரத்துல பழைய ஏ.டி.எம். கார்டைச் சொருகி நெம்பி மூடியை எடுத்தார். முதல்ல பேட்டரி ஒயரைப் பிடுங்கி விட்டார். (இதை மறக்காதீங்க. இதை விட்டுட்டு உள்ள கை வச்சா அந்தக் கடைக்காரர் சொன்னது நிஜமாயிரும்.) உள்ள ரெண்டு ஃபேன். ஒவ்வொரு ஃபேனுக்கும் முன்னால செம்பு நிறத்துல சீப்புப் பல்லு மாதிரி மெல்லிசா தகடுகள். ஃபேனைக் கழட்டினா, அந்தத் தகடு தெரியவே இல்ல. அதுக்கு முன்னால சாம்பல் கலர்ல ஒரு மெத்தை. ட்வீசரால ஓரத்தைப் பிடிச்சு இழுத்தார், கிழியாம ஒரே பட்டையா உரிஞ்சு வந்துச்சு. சுண்டுவிரல் கனம். அதுக்குள்ள இங்கொண்ணும் அங்கொண்ணுமா கத்திரிப்பூ கலர் இழை. எங்க கீழ்வீட்டுத் தாத்தா அந்த மாசம் பூரா அந்தக் கலர்லதான் துண்டு நெய்துக்கிட்டு இருந்தார்.

இப்ப கொஞ்சம் படம் காட்டுறேன், போரடிச்சா அடுத்த பாராவுக்குத் தாவிருங்க. லேப்டாப்புக்குள்ள ப்ராசசர்ல பிறக்குற சூட்டை ஃபேன் வரைக்கும் தூக்கிட்டுப் போறது ஹீட் பைப்புன்னு ஒரு செம்புக் குழாய். நான் ரொம்ப நாள் அது வெறும் செம்புக் கம்பின்னுதான் நினைச்சேன். இல்லயாம். உள்ள காத்தை உறிஞ்சி எடுத்துட்டுக் கொஞ்சூண்டு தண்ணியை விட்டு ரெண்டு பக்கமும் அடைச்சிருக்காங்க. காத்தழுத்தம் கம்மியா இருக்குறதால அந்தத் தண்ணி 100 டிகிரி வரைக்கும் காத்திருக்காம, சீக்கிரமே ஆவியாகுது. ஆவி குளிர்ந்த பக்கம் ஓடி, தகட்டுகிட்ட சூட்டை விட்டுட்டு மறுபடி தண்ணியாகுது. குழாயோட உள்சுவர்ல இருக்குற நுண்ணிய துளைகள் வழியா, விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி திரும்பி வருது. நாள் பூரா இதே வேலை. ஒரு கிராம் தண்ணி ஆவியாகணும்னா 500 கலோரிக்கு மேல சூட்டை இழுத்துக்கிட்டுத்தான் போகும். நம்ம மானாமதுரை மண்பானை பண்றதும் இதே வேலைதான். பானையில கசிஞ்சு வர்ற தண்ணி ஆவியாகிப் போறப்போ உள்ள இருக்குற தண்ணிகிட்ட இருந்து சூட்டைப் பிடுங்கிட்டுப் போகுது. பானையில தண்ணி வெளிய போயிருது, இதுல போறது இல்ல, அதான் வித்தியாசம். 1963-ல ஜார்ஜ் குரோவர்னு ஒருத்தர் அமெரிக்காவுல லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துல இதைச் செஞ்சு காட்டினார். அதுக்கும் முன்னாடியே, 1940-கள்ல, ஜெனரல் மோட்டார்ஸ்ல இருந்த காக்லர்ங்கிறவர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கி வச்சுட்டு சும்மா இருந்துருக்கார். விண்வெளிக்குப் போகவேண்டிய சமாச்சாரம், இப்ப என் மடியில உக்காந்து ஜிடிஏ ஓட்டுது.

இந்தக் குழாய் எவ்வளவுதான் ஒழுங்கா சூட்டைக் கொண்டுவந்து கொட்டினாலும், வாசல்ல பஞ்சு மெத்தை அடைச்சிருந்தா சூடு எங்க போகும்? ஃபேன் முழு வேகத்துல சுத்துது, காத்து வெளிய வரல. நான் வேற கட்டில் மெத்தையில வச்சு அடியில காத்து உள்ள போற வழியையும் அடைச்சுட்டேன். பெரும்பாலான இன்டெல் லேப்டாப் ப்ராசசர்களுக்கு 100 டிகிரிதான் உச்சவரம்பு. அதை நெருங்கும்போது அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும், அப்பவும் அடங்கலன்னா உயிரைக் காப்பாத்திக்க மொத்தமா அணைஞ்சிரும். அன்னைக்கு டெஸ்ட்ல நடந்தது அதான். சாகல, தற்காப்பு.

நான் பாத்த யூடியூப் ரிவ்யூவுல எல்லாம் "கேம் ஓடும்போது 80 டிகிரிதான், சூப்பர் கூலிங்"னு சொல்லித்தான் வாங்க வச்சாங்க. அவங்க பொய் சொல்லல. ஆனா அவங்க உக்காந்திருந்தது ஏசி ரூம்ல. 24 டிகிரி ரூம்ல 80-ன்னா, ரூமைவிட 56 டிகிரி கூட. அந்த 56 எங்க போனாலும் கூடவே வரும். என் ரூம் 37-ன்னா 93. ஃபேன் எவ்வளவு சுத்தினாலும் ரூம் காத்தைத்தானே உள்ள இழுக்கும்? ரூம் காத்தைவிடக் குளிர வைக்க எந்த ஃபேனாலயும் முடியாது. ஆர்வத்துல மேனுவலை எடுத்துப் பாத்தேன் (லேப்டாப் வாங்கி ரெண்டு வருஷம் கழிச்சு மேனுவல் படிச்ச முதல் ஆள் நான்தான்). 'சுற்றுப்புற வெப்பநிலை அதிகபட்சம் 35 டிகிரி'ன்னு போட்டிருக்கு. ஃபிரெண்ட்ஸோட மேனுவலையும் பாத்தேன், பாத்தவரைக்கும் அதே 35. அதாவது இந்தப் பொருளைச் செஞ்சவங்க கணக்குப்படி, சித்திரை மாசம் செல்லூர் மாடி ரூம்ல நானே இருக்கக்கூடாது.

சரி, என்ன பண்ணினோம்?

முதல்ல தூசி. ஃபேன் இறக்கையைக் குச்சியால அசையாமப் பிடிச்சுக்கிட்டு, பெயின்ட் பிரஷ்ஷால தட்டி எடுத்தோம். என் நண்பன் ஒருத்தன் "மாப்ள, பஞ்சர் கடையில காத்து பிடிச்சா ஒரே செகண்டுல கிளீன்டா"ன்னான். செஞ்சுராதீங்க. அந்தக் கம்ப்ரசர் காத்துல தண்ணியும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து வரும். அந்த வேகத்துல இறக்கை கன்னாபின்னான்னு சுத்தி ஃபேனே காலியாகும். அடுத்து, ப்ராசசர் மேல காய்ஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஆகியிருந்த பேஸ்ட்டைத் துடைச்சுட்டுப் புதுசு வச்சோம். டவுன்ஹால் ரோட்டுல 350 ரூபாய்க்கு வாங்கினது. துடைக்க 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால். மெடிக்கல்ல கிடைக்கிற சானிடைசர் வேணாம், அதுல தண்ணி இருக்கு. லிக்விட் மெட்டல்னு ஒண்ணு போட்டா இன்னும் குறையும்னு நெட்டுல சொல்வாங்க. 2020-ல வந்த பிளேஸ்டேஷன் 5-ல கம்பெனியே அதைத்தான் போட்டாங்க. ஆனா அது மின்சாரம் கடத்துற பொருள், ஒரு சொட்டு தவறி விழுந்தா ஷார்ட். அலுமினியத்துல பட்டா அரிச்சுத் தின்னுரும். 24 ஆயிரம் தள்ளி எடுத்த சீட்டுல வாங்கின பொருள்ல நான் அந்த வீரத்தைக் காட்டத் தயாரா இல்ல.

மூடி, ஆன் பண்ணி, அதே ஜிடிஏ 5 ஓட்டிப் பாத்தோம். முன்ன 97, 98-ல நின்னு திணறுன ப்ராசசர் இப்ப 85. செலவு: பேஸ்ட், ஆல்கஹால், பிரஷ், அண்ணனுக்கு ஒரு ஜிகர்தண்டா. மொத்தம் 700-ஐத் தாண்டல. 22 ஆயிரத்துக்கும் 700-க்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்தை எந்தக் கணக்குத் தலைப்புல எழுதணும்னு எங்க புரொஃபசர்கிட்ட கேக்கணும்.

அடுத்தது கூலிங் பேட். 600 ரூபாய் கொடுத்து வாங்கினேன், தண்டம். நீல லைட் எரியுது, ஃபேன் சுத்துது, குறைஞ்சது ஒரு டிகிரி. அதோட ஃபேன் இருக்குற இடமும் என் லேப்டாப்போட அடியில ஓட்டை இருக்குற இடமும் வேற வேற. அதைத் தூக்கிப் போட்டுட்டு, பின்பக்கம் ரெண்டு மூலைக்கும் ரெண்டு ரெண்டா பொவண்டோ பாட்டில் மூடியை டேப் ஒட்டி வச்சேன். மூணு டிகிரி குறைஞ்சுது. காசு இல்ல, பொவண்டோ குடிச்சது லாபம்.

ஆனா உண்மையிலேயே பெரிய மாத்தம் வந்தது எதையும் வாங்காம, ரெண்டு செட்டிங்கை மாத்தினதுலதான். என் ஸ்கிரீன் 144 ஹெர்ட்ஸ். கேம் நொடிக்கு 110 ஃபிரேம் தந்துக்கிட்டு இருந்துச்சு. அதை 60-ல கட்டிப் போட்டேன். விண்டோஸ் பவர் செட்டிங்ல ப்ராசசரோட உச்ச அளவு 100 சதவீதம்னு இருக்கும், அதை 99 ஆக்கினேன். ஒரு சதவீதம்தானேன்னு நினைக்காதீங்க. 99-க்கு வந்தா டர்போங்கிற அந்த வெறிப் பாய்ச்சலே நின்னுரும். சிப் தின்னுற கரெண்டு, வேகத்தோட சேர்ந்தும் வோல்டேஜோட வர்க்கத்தோட சேர்ந்தும் ஏறும். கடைசி கொஞ்ச வேகத்துக்காக வோல்டேஜை ஏத்துறப்பதான் சூடு பிச்சுக்கிட்டுப் போகுது. எங்க பாடத்துல இறுதிநிலைச் செலவுன்னு நடத்துவாங்க, கடைசி யூனிட்டைத் தயாரிக்க ஆகுற செலவு. அதைக் கரும்பலகையில படிச்சப்போ புரியல, ப்ராசசர்ல கை வச்சப்போ புரிஞ்சுது. இன்டெல்காரங்களுக்கே இது லேட்டாதான் உறைச்சுது. வேகம் வேகம்னு பென்டியம் 4 பக்கம் ஓடி, அதுக்கு அடுத்ததா வரவேண்டிய டேஜாஸ்ங்கிற சிப்பை 2004 மே மாசம் பாதியிலேயே கைவிட்டாங்க. முக்கியக் காரணம் சூடு.

ஃபிரேமைக் கட்டின அப்புறம் 74 டிகிரி. ஃபேன் சத்தத்துல "என்னடா ராத்திரில கிரைண்டர் ஓடுது"ன்னு கீழ இருந்து கத்துற அம்மா கத்துறதை நிறுத்திட்டாங்க. பிளக்குல மாட்டுற மீட்டரை வச்சுப் பாத்தேன். முன்ன 160 வாட் இழுத்தது இப்ப 95. ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் (சரி, நாலு), 60 நாளைக்குக் கணக்குப் போட்டா 12-ல இருந்து 15 யூனிட் மிச்சம். இன்னொண்ணு.. லேப்டாப் இழுக்குற அத்தனை வாட்டும் கடைசியில சூடாத்தான் ரூமுக்குள்ள வருது. சும்மா உக்காந்திருக்கிற ஒரு மனுஷன் ஏறக்குறைய 100 வாட் சூட்டை விடுவான். அப்ப நான் கேம் ஆடுறப்போ ரூம்ல என் கூட ஒண்ணரை ஆள் எக்ஸ்ட்ரா உக்காந்து வேர்த்துக்கிட்டு இருந்திருக்காங்க. இப்ப ஒரு ஆள்தான். வாலோரன்ட் ஆடுறவங்க "60-ல எப்படிடா சுடுவே"ன்னு சண்டைக்கு வருவீங்க, தெரியும். அதுக்கு மட்டும் 90. போதுமா?

ஐஸ் பாக்கெட்டை அடியில வைக்கிறது, ஈரத்துணியைப் போடுறது.. இதெல்லாம் செய்றவங்க எங்க கிளாஸ்லயே ரெண்டு பேர் இருக்காங்க. ஜில்லுன்னு இருக்குற சொம்பு வெளிப்புறம் வேர்க்கிறதைப் பாத்திருப்பீங்கல்ல? அதே வேர்வை போர்டு மேல வரும். அவ்வளவுதான் சொல்ல முடியும். பேட்டரியைப் பத்தி ஒரு வார்த்தை: சூடும் ஃபுல் சார்ஜும் சேர்ந்தா லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. நாள் பூரா பிளக்குல போட்டே வச்சிருக்கீங்கன்னா 80 சதவீதத்துல நிறுத்துற செட்டிங் பல லேப்டாப்புல இருக்கு, போட்டு விடுங்க.

கூரையையும் விடல. நானும் அப்பாவும் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மொட்டை மாடியில சுண்ணாம்பு அடிச்சோம், ரெண்டு கோட்டு. எதுக்குடா இந்த வேலைன்னு அப்பா கேக்கல, ஆளுக்கு ஒரு மட்டை எடுத்து இறங்கிட்டார். ராத்திரி பத்து மணிக்கு 36 காட்டின தெர்மாமீட்டர் 33, 34 காட்ட ஆரம்பிச்சுது. மூடி, பேஸ்ட், செட்டிங் எல்லாம் லேப்டாப்புக்கு மட்டும். இந்த ரெண்டு டிகிரி எனக்கும் சேர்த்து.

அந்தப் பஞ்சுப் பட்டையை நான் தூக்கிப் போடல. ஒரு கவர்ல போட்டு வச்சிருந்தேன். கீழ்வீட்டுத் தாத்தாகிட்ட விளையாட்டாக் காட்டினேன், "தாத்தா, உங்க துண்டு என் லேப்டாப்புக்குள்ள இருக்கு பாருங்க". கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பாத்தார். அந்தக் கத்திரிப்பூ இழையை நகத்தால எடுத்து, "நம்ம பாவுதான்டா பேராண்டி" அப்டின்னு சிரிச்சார். சிரிச்சது இருமல்ல போய் முடிஞ்சுது. எப்பவும் அப்படித்தான் முடியும், நான் அதுவரைக்கும் கவனிச்சதில்ல.

என் ரூம் மாடியில. ஜன்னல் பாதி நாள் மூடியிருக்கும். அந்த ஃபேன் ஒரு நாளைக்கு அஞ்சாறு மணி நேரம்தான் இழுக்கும், அதுவும் 21 மாசம். அதுக்கே சுண்டுவிரல் கனம். தாத்தா தறிக்கு முன்னால உக்காந்து 40 வருஷத்துக்கு மேல. அன்னைக்கு ராத்திரி கேம் ஆடல, படிச்சுக்கிட்டு இருந்தேன். பஞ்சுத் தூசியால வர்ற நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ்னு பேர், அதிகமா வர்றது நூற்பாலையில பஞ்சைப் பிரிக்கிற, சிக்கெடுக்கிற இடத்துல வேலை செய்றவங்களுக்கு. வாரம் ஒரு நாள் லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுக்கும்னு போட்டிருந்தது. தாத்தாவுக்கு இருக்கிறது அதுதானா, பீடியா, வெறும் வயசான்னு சொல்ல நான் யாரு. அவர் பேத்திகிட்ட சொல்லி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். "லேப்டாப் ரிப்பேர் பாத்துட்டு வந்து எனக்கு ரிப்பேர் பாக்குறியாடா"ன்னு ரெண்டு வாரம் இழுத்தடிச்சுட்டு அப்புறம் போனார். ஊதச் சொல்லிப் பாத்திருக்காங்க, மருந்து உறிஞ்சுற குழல் ஒண்ணு கொடுத்திருக்காங்க. மாஸ்க் போடச் சொன்னா மட்டும் கேக்க மாட்டேங்கிறார், வெயிலுக்குப் புழுங்குதாம். நியாயம்தான், 38 டிகிரியில மாஸ்க் போட்டுத் தறி ஓட்டச் சொன்னா நானும் கேக்க மாட்டேன்.

இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவை லேப்டாப்பைத் திறக்குறேன், இருபது நிமிஷ வேலை. பழைய நைலான் கொசுவலைத் துண்டு ஒண்ணை அடியில இருக்குற ஓட்டைக்கு ஒட்டிப் பாத்தேன். தூசி நின்னுச்சு, ஆனா காத்தும் குறைஞ்சு சூடு நாலு டிகிரி ஏறுச்சு. எடுத்துட்டேன். போன தடவை திறந்தப்போ வந்த பஞ்சு பச்சைக் கலர். தாத்தாகிட்ட காட்டினேன், அது அவர் தறி இல்லயாம், எதிர்வீடாம்.

டெஸ்ட் விஷயத்தை அப்பாகிட்ட சுண்ணாம்பு அடிச்ச அன்னைக்குத்தான் சொன்னேன். மட்டையை வாளியில நனைச்சுக்கிட்டே கேட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த டேலிக்கு இவ்வளவு சூடாகுமாடா?"ன்னார்.